ஜனாதிபதியின் கடிவாளம் கட்சியின் கையில் இருந்த காலம்

அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் 2025 ஏப்ரல் 2 ஆம் திகதி வெள்ளை மாளிகையின் பூந்தோட்டத்தில் நின்று உலக நாடுகளின் பெயர்களையும் அவற்றின் மீது விதிக்கப்போகும் இறக்குமதி வரிகளையும் ஒரு பெரிய அட்டையில் காண்பித்தபோது, இலங்கையின் பெயருக்கு எதிரே 44 சதவீதம் என்று எழுதப்பட்டிருந்தது. மறுநாள் எமது நாட்டின் பத்திரிகைகள் அனைத்திற்கும் அதுவே தலைப்புச் செய்தி. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன்னால் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வேலை, அவள் ஒருபோதும் கண்டிராத ஒரு மனிதரின் கையெழுத்தில் தங்கியிருக்கிறது என்பதை அன்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

அந்த நாட்களில் என்னுடன் பணியாற்றும் இளம் செய்தியாளர் ஒருவர் என்னிடம் வந்து, "சேர், இந்த வரிகளுக்கு அமெரிக்க காங்கிரஸ் எப்போது வாக்களித்தது?" என்று கேட்டார். வாக்களிக்கவேயில்லை என்றேன். "அப்படியானால் அவர்களுடைய அரசியலமைப்பு என்ன சொல்கிறது?" என்பது அவரது அடுத்த கேள்வி. அதற்குச் சுருக்கமான பதில் எதுவும் அன்று என்னிடம் இருக்கவில்லை. இக்கட்டுரையை அக்கேள்விக்கான நீண்ட பதில் என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க அரசியலமைப்பு இந்த விடயத்தில் எந்த மயக்கத்திற்கும் இடம்வைக்கவில்லை. வரிகளையும் தீர்வைகளையும் விதிக்கும் அதிகாரம் அதன் முதலாவது உறுப்புரையில் காங்கிரஸுக்கே வழங்கப்பட்டிருக்கிறது. போர்ப் பிரகடனம் செய்யும் அதிகாரமும் அவ்வாறே. ஆனால், ட்ரம்ப் 1977 ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரங்கள் சட்டத்தைக் கையில் எடுத்தார். அவசரகால நிலையைப் பிரகடனம் செய்துவிட்டு வரிகளை அறிவித்தார்.

ஜனாதிபதி பிரகடனம் செய்யும் அவசரகால நிலையை முடிவுக்குக் கொண்டுவருவதற்கான நடைமுறை ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. அதற்கான பிரேரணையைக் குறித்த நாட்களுக்குள் சபையின் குழு பரிசீலித்து அனுப்பியாக வேண்டும். கனடா, மெக்ஸிக்கோ போன்ற அயல்நாடுகள் மீதான வரிகளுக்காக 2025 பெப்ரவரி முதலாம் திகதி பிரகடனம் செய்யப்பட்ட அவசரகால நிலை தொடர்பில் அவ்வாறான பிரேரணை வந்துவிடக்கூடாது என்பதற்காகக் குடியரசுக் கட்சியினரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பிரதிநிதிகள் சபை அவ்வருடம் மார்ச் மாதத்தில் ஒரு விதியை நிறைவேற்றியது. அக்கூட்டத்தொடரின் எஞ்சிய நாட்கள் இந்த நோக்கத்திற்காக நாட்களாகக் கணக்கிடப்படமாட்டா என்பதே அந்த விதி! சூரியன் உதித்து மறையும். ஆனால், நாள் நகராது. தனக்குரிய அதிகாரத்தைத் தானே பயன்படுத்தாமல் இருப்பதற்காக ஒரு சட்டசபை நாட்காட்டியையே நிறுத்திவைத்த விசித்திரம் அது. அந்த வரிகளை எதிர்த்து நின்றவர்கள் இறக்குமதியாளர்களும் சில மாநிலங்களுமே. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2025 மே 28 ஆம் திகதி சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அவ்வரிகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்று தீர்ப்பளித்தது. காங்கிரஸ் பேசவேண்டிய இடத்தில் நீதிபதிகள் பேசவேண்டியதாயிற்று.

இது எவ்வாறு நேர்ந்தது? ஜனாதிபதியின் அதிகாரம் பெருகிவிட்டது என்று சொல்வது பாதி விளக்கமே. மீதிப் பாதி கட்சிகளின் கதையில் இருக்கிறது. நீண்டகாலமாக அமெரிக்க ஜனாதிபதிமாருக்கு உண்மையான கடிவாளமாக இருந்தது அரசியலமைப்பின் வாசகங்கள் மாத்திரமல்ல, அவர்களது சொந்தக் கட்சிகளும்தான் என்பதே எனது அபிப்பிராயம்.

1787 ஆம் ஆண்டின் அமெரிக்க அரசியலமைப்பில் அரசியல் கட்சிகளைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனது அதிகாரத்தைப் பொறாமையோடு பாதுகாத்துக்கொள்ளும் என்றும், ஒருவரின் பேராசையை மற்றவரின் பேராசை தடுக்கும் என்றும் ஜேம்ஸ் மடிசன் நம்பினார். ஜோர்ஜ் வாஷிங்டன் பதவியிலிருந்து விடைபெறுவதற்கு முன்னர் 1796 இல் வெளியிட்ட செய்தியில் கட்சி மனோபாவத்தின் ஆபத்தைப் பற்றி எச்சரித்தார். ஆனால், அந்த எச்சரிக்கை வெளிவருவதற்கு முன்னரே கட்சிகள் உருவாகிவிட்டன. தோமஸ் ஜெபர்சனுடன் சேர்ந்து அவற்றில் ஒன்றைக் கட்டியெழுப்பியவர் வேறு யாருமல்ல, அதே மடிசன்தான்.

கட்சிகள் வந்த பின்னரும் மடிசனின் ஏற்பாடு ஓரளவுக்கு இயங்கியதற்குக் காரணம், கட்சி ஜனாதிபதியின் உடைமையாக இருக்கவில்லை என்பதாகும். மாநிலத் தலைவர்கள், பெருநகரங்களின் கட்சி முதலாளிகள், காங்கிரஸ் குழுக்களில் பல தசாப்தங்களாக அமர்ந்திருந்த மூத்த உறுப்பினர்கள் ஆகியோரின் கூட்டாகவே கட்சி இருந்தது. அவர்கள் தங்களது ஆசனங்களுக்காக ஜனாதிபதிக்குக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அவருக்கு முன்னரும் அவர்கள் இருந்தார்கள், அவருக்குப் பின்னரும் இருப்பார்கள்.

இதற்கு மிகச்சிறந்த உதாரணம் பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் அனுபவமாகும். 1936 தேர்தலில் அவர் 48 மாநிலங்களில் 46 ஐ வென்றார். செனட் சபையில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான ஆசனங்கள் அவரது ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. தனது சட்டங்களை உயர் நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாக இரத்துச் செய்ததனால் சினமடைந்திருந்த ரூஸ்வெல்ட், அந்த நீதிமன்றத்திற்கு மேலும் ஆறு நீதியரசர்கள் வரை நியமிப்பதற்கு வழிசெய்யும் சட்டமூலத்தை 1937 இல் கொண்டுவந்தார். அவரது கட்சியின் செனட்டர்களே அதற்கு எதிராக அணிதிரண்டார்கள். 1937 ஜூலை 22 ஆம் திகதி 70 க்கு 20 என்ற வாக்குகளினால் சட்டமூலம் குழுவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு அங்கேயே மடிந்துபோனது.

ரூஸ்வெல்ட் அதை மறக்கவில்லை. மறுவருடம் தனக்குக் கட்டுப்படாத கட்சிக்காரர்களைத் தோற்கடிப்பதற்காகக் கட்சியின் உள்தேர்தல்களில் நேரடியாகவே தலையிட்டார். ஜோர்ஜியாவில் வால்டர் ஜோர்ஜ், மேரிலாந்தில் மில்லார்ட் டைடிங்ஸ், தென் கரோலினாவில் எலிசன் ஸ்மித் ஆகிய செனட்டர்கள் அவரது குறியாக இருந்தனர். மூவருமே வென்றார்கள். அமெரிக்க வரலாற்றின் மிகவும் செல்வாக்குமிக்க ஜனாதிபதிகளில் ஒருவரால், செல்வாக்கின் உச்சத்தை அண்மித்திருந்த நேரத்தில், சொந்தக் கட்சியின் மூன்று செனட்டர்களை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை.

அந்தச் செனட்டர்கள் ஜனநாயகத்தின் காவலர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் தங்களது மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமையை மறுத்த இனஒதுக்கல் முறையின் பாதுகாவலர்கள். கட்சியின் சுதந்திரம் எப்போதும் நல்ல நோக்கத்திற்காகவே பயன்பட்டது என்று எவரும் வாதிட முடியாது. ஆனால், அந்தச் சுதந்திரம் இருந்தது என்பதும், பிற்காலத்தில் ஒரு நெருக்கடி வந்தபோது அது நாட்டைக் காப்பாற்றியது என்பதும் உண்மை.

அந்த நெருக்கடி வாட்டர்கேட். 1974 ஜூலை 24 ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒலிப்பதிவு நாடாக்களைக் கையளிக்குமாறு ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சனுக்கு ஏகமனதாக உத்தரவிட்டது. தீர்ப்பளித்த எட்டு நீதியரசர்களில் மூவர் அவரால் நியமிக்கப்பட்டவர்கள். சில தினங்களில் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு குற்றப்பிரேரணையை அங்கீகரித்தபோது குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் சிலரும் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். ஆகஸ்ட் 7 ஆம் திகதி அக்கட்சியின் மூன்று மூத்த தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குச் சென்றனர். 1964 இல் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக இருந்த பரி கோல்ட்வோட்டர், செனட்டில் கட்சியின் தலைவரான ஹியூ ஸ்கொட், பிரதிநிதிகள் சபையில் கட்சியின் தலைவரான ஜோன் ரோட்ஸ் ஆகியோரே அவர்கள். செனட்டில் உங்களைக் காப்பாற்றப் போதுமான வாக்குகள் இல்லை என்பதை அவர்கள் நிக்சனுக்கு உணர்த்தினார்கள். மறுநாள் இரவு அவர் பதவி விலகலை அறிவித்தார்.

அரசியலமைப்பின் எந்த உறுப்புரையிலும் அப்படியொரு சந்திப்புக்கு ஏற்பாடு இல்லை. குற்றப்பிரேரணை பற்றி ஏட்டில் எழுதப்பட்டிருந்த வாசகத்துக்கு உயிர்கொடுத்தது அந்த மூவரின் வருகையே.

அதற்குப் பின்னரான ஆண்டுகளில் ஜனாதிபதியின் அதிகாரம் தளைக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டது என்றே பலரும் நம்பினர். போர் அதிகாரங்கள் தொடர்பிலான தீர்மானம் நிக்சனின் வீட்டோவையும் மீறி 1973 இல் நிறைவேறியது. காங்கிரஸ் ஒதுக்கிய நிதியை ஜனாதிபதி முடக்கிவைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1974 இலும் தேசிய அவசரகாலச் சட்டம் 1976 இலும் வந்தன. ஆனால், இச்சட்டங்கள் எல்லாம் ஜனாதிபதியை எதிர்க்கும் துணிச்சல் காங்கிரஸுக்கு இருக்கும் என்ற அனுமானத்தின் மீதே கட்டப்பட்டன. அந்த அனுமானத்தின் அத்திவாரம் அதேவேளையில் அரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

1968 இல் சிக்காகோவில் நடைபெற்ற ஜனநாயகக் கட்சி மாநாட்டில், எந்தவொரு பிரைமரி தேர்தலிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ப்ரி ஜனாதிபதி வேட்பாளராகத் தெரிவானார். வெளியே வீதிகளில் வியட்நாம் போருக்கு எதிரான இளைஞர்கள் பொலிஸாரால் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மூடிய அறைகளுக்குள் தலைவர்கள் வேட்பாளரைத் தீர்மானிக்கும் முறைக்கு முடிவுகட்ட வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து வலுப்பெற்றது. 1972 தேர்தலிலிருந்து வேட்பாளரைத் தெரிவுசெய்யும் பொறுப்பு பெருமளவுக்குப் பிரைமரி வாக்காளர்களின் கைக்கு மாறியது. குடியரசுக் கட்சியும் அதே வழியில் சென்றது. நோக்கம் ஜனநாயகபூர்வமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், தொலைக்காட்சியும் பணமும், பின்னர் சமூக ஊடகங்களும் கைவசமிருக்கும் ஒருவர் கட்சித் தலைவர்களைத் தாண்டிச்சென்று கட்சியையே கைப்பற்றுவதற்கான கதவும் அதனால் திறந்தது.

இன்னொரு மாற்றமும் இதனுடன் சேர்ந்துகொண்டது. 1964 ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டத்திற்கு எதிரான முடிவற்ற விவாதத்தை நிறுத்துவதற்குச் செனட்டில் கிடைத்த 71 வாக்குகளில் 27 குடியரசுக் கட்சியினருடையவை. அன்று இரு கட்சிகளுக்குள்ளும் பழைமைவாதிகளும் தாராளவாதிகளும் இருந்தார்கள். அச்சட்டத்திற்குப் பின்னரான தசாப்தங்களில் தெற்கின் பழைமைவாதிகள் குடியரசுக் கட்சிக்கும், வடக்கின் தாராளவாதிகள் ஜனநாயகக் கட்சிக்கும் என்று படிப்படியாகப் பிரிந்து சென்றார்கள். பெரும்பாலான தொகுதிகள் ஏதாவது ஒரு கட்சியின் கோட்டைகளாயின. அத்தகைய தொகுதியின் உறுப்பினருக்குப் பொதுத்தேர்தலில் பயமில்லை. பயப்படவேண்டியது பிரைமரிக்கு மாத்திரமே.

இவ்விடத்தில் எனது சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். 1999 பெப்ரவரி 12 ஆம் திகதி இரவு நான் பணியாற்றிய பத்திரிகையில் முதற்பக்கத்தை மூடாமல் வைத்துக்கொண்டு ஜனாதிபதி பில் கிளின்டன் மீதான செனட் வாக்கெடுப்பின் முடிவுக்காகக் காத்திருந்தோம். அது கிடைத்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டுக்கு ஆதரவாக 45, எதிராக 55. செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 55 ஆசனங்கள் இருந்ததனால், எண்களை இடம்மாற்றி எழுதிவிட்டேனோ என்று செய்திச் சேவையின் தாளை மீண்டும் மீண்டும் சரிபார்த்தேன். தவறு இல்லை. எதிர்க்கட்சி ஜனாதிபதியைப் பதவிநீக்க மறுத்துப் பத்து குடியரசுக் கட்சியினர் வாக்களித்திருந்தார்கள். கட்சிக்கோட்டைத் தாண்டுவது அன்று அவ்வளவு அபூர்வமாக இருக்கவில்லை.

இருபது வருடங்களுக்குப் பின்னர் நிலைமை வேறு. 2016 மார்ச்சில், அதற்கு முந்திய தேர்தலின் குடியரசுக் கட்சி வேட்பாளரான மிட் ரொம்னி, ட்ரம்பைத் தெரிவுசெய்ய வேண்டாம் என்று பகிரங்க உரை நிகழ்த்தினார். வாக்காளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 2020 பெப்ரவரியில் ட்ரம்ப் மீதான முதலாவது குற்றப்பிரேரணை செனட்டில் வாக்குக்கு விடப்பட்டபோது அக்கட்சியில் அதற்கு ஆதரவளித்தவர் ரொம்னி ஒருவரே. அதே வருடம் ஆகஸ்டில் நடைபெற்ற கட்சி மாநாடு புதிய கொள்கைப் பிரகடனம் எதையும் வெளியிடவில்லை. ஜனாதிபதியின் நிகழ்ச்சிநிரலை ஆதரிப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றியதோடு நின்றுகொண்டது. 2024 மார்ச்சில் ட்ரம்பின் மருமகள் லாரா ட்ரம்ப் கட்சியின் தேசியக் குழுவுக்கு இணைத்தலைவரானார். தெற்காசிய வாசகர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இராது.

2021 ஜனவரி 6 ஆம் திகதி கப்பிட்டல் கட்டிடத்தின் மீதான தாக்குதலுக்குப் பின்னர் பிரதிநிதிகள் சபையில் இரண்டாவது குற்றப்பிரேரணைக்கு ஆதரவாகக் குடியரசுக் கட்சியினர் பத்துப்பேர் வாக்களித்தார்கள். அவர்களில் நால்வர் அடுத்த தேர்தலில் போட்டியிடவில்லை. நால்வர் பிரைமரியில் தோற்றார்கள். 2022 தேர்தலில் தப்பியவர்கள் இருவர் மாத்திரமே. தோற்றவர்களில் ஒருவரான லிஸ் செனி, முன்னாள் உப ஜனாதிபதியின் மகள். சபையில் கட்சியின் மூன்றாம் நிலைத் தலைவராக இருந்தவர்.

1938 ஐயும் 2022 ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். ரூஸ்வெல்ட் செய்ய நினைத்துத் தோற்றதை ட்ரம்ப் செய்து முடித்தார். அதிலும் முக்கியமானது, 2022 இல் அவர் ஜனாதிபதியாகக் கூட இருக்கவில்லை. பதவி கையில் இல்லாத ஒருவரால் அதைச் செய்ய முடிந்தது என்றால், அந்த வல்லமை அரசியலமைப்பு வழங்கியதல்ல, கட்சி வழங்கியது. பதவியும் கட்சியும் ஒரே கைக்கு மீண்டும் வந்தபோது, நாட்காட்டியை நிறுத்திவைக்கும் ஒரு சபை உருவானதில் வியப்பில்லை.

ஜனநாயகக் கட்சியினர் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டவர்கள் அல்லர். 2011 இல் லிபியா மீதான குண்டுவீச்சை, போர் அதிகாரங்கள் தீர்மானம் அனுமதிக்கும் 60 நாட்களைக் கடந்தும் காங்கிரஸின் அங்கீகாரமின்றி பராக் ஒபாமா தொடர்ந்தார். ஜோர்ஜ் புஷ்ஷை விமர்சித்த பலர் அப்போது மௌனமாக இருந்தனர். ஏறத்தாழ 40,000 கோடி டொலர் மாணவர் கடன்களைத் தள்ளுபடி செய்யும் ஜோ பைடனின் திட்டத்தை 2023 இல் உயர் நீதிமன்றமே தடுத்தது. ஆனாலும், 2024 ஜூலையில் போட்டியிலிருந்து விலகுமாறு பைடனை நிர்ப்பந்திக்க அக்கட்சியின் மூத்தவர்களால் முடிந்தது. காலந்தாழ்த்தியே செய்தார்கள், தோல்விப் பயத்தினாலேயே செய்தார்கள். ஆயினும், ஒரு கட்சி தனது ஜனாதிபதியிடம் 'போதும்' என்று சொல்வது இன்னமும் சாத்தியமே என்பதற்கு அது சான்று.

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி ஆட்சிமுறையின் கீழ் வாழும் எங்களுக்கு இதில் பரிச்சயமான ஒரு விடயம் இருக்கிறது. 1982 இல் ஜே.ஆர்.ஜெயவர்தன தனது கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் திகதியிடப்படாத இராஜிநாமாக் கடிதங்களைப் பெற்றுவைத்துக்கொண்டார். அமெரிக்காவில் அத்தகைய கடிதம் எவரிடமும் கேட்கப்படவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. பிரைமரி தேர்தலே ஒவ்வொரு உறுப்பினரின் திகதியிடப்படாத கடிதமாகிவிட்டது.

முழு நாட்டினாலும் தெரிவுசெய்யப்படுபவர் ஜனாதிபதி ஒருவரே என்றும், முடங்கிப்போன காங்கிரஸுக்காக அவர் காத்திருக்க முடியாது என்றும் ட்ரம்பின் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால், காங்கிரஸின் உறுப்பினர்களையும் அதே மக்களே தெரிவுசெய்தார்கள். மேலும், ஒரு ஜனாதிபதிக்காகத் தளர்த்தப்படும் கட்டு அவருடன் போய்விடுவதில்லை. உத்தியோகபூர்வச் செயல்களுக்காக ஜனாதிபதியாக இருந்தவருக்குப் பரந்த சட்டவிலக்கு உண்டு என்று 2024 ஜூலை முதலாம் திகதி உயர் நீதிமன்றம் 6 க்கு 3 என்ற பெரும்பான்மையில் அளித்த தீர்ப்பு, இனிவரும் எல்லா ஜனாதிபதிகளுக்குமான தீர்ப்பாகும். இன்று கைதட்டுபவர்கள், தாங்கள் வெறுக்கும் ஒருவர் அதே ஆசனத்தில் அமரும் நாளையும் கற்பனை செய்துபார்க்க வேண்டும்.

பழைய கட்சி முதலாளிகளின் காலம் திரும்பிவர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அது திரும்பவும் மாட்டாது. ஆனால், வேட்பாளரைத் தீர்மானிக்கும் அதிகாரம் தலைவர்களின் அறையிலிருந்து வாக்காளர்களின் கைக்கு வந்திருக்கிறது என்றால், கட்சியின் மனச்சாட்சியாக இருக்கும் பொறுப்பும் அவர்களிடமே வந்திருக்கிறது. பொதுத்தேர்தலில் வாக்களிப்பவர்களுடன் ஒப்பிடும்போது பிரைமரிகளில் வாக்களிப்பவர்கள் மிகவும் குறைவு. இதை வாசிப்பவர்களில் அமெரிக்கப் பிரஜாவுரிமை பெற்ற எம்மவர்களும் இருப்பீர்கள். நவம்பர் மாதத்தில் வாக்களிப்பதுடன் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். ஜனாதிபதிக்கு 'இல்லை' என்று சொல்லத் துணிந்த ஒருவர் தப்புவதா தோற்பதா என்பது அதற்குப் பல மாதங்கள் முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

இலங்கை மீதான வரி பின்னர் 30 சதவீதமாகவும், 2025 ஆகஸ்ட்டில் 20 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. எமது அரசாங்கத்தின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் பேச்சுவார்த்தை நடத்தியது ஜனாதிபதியின் அதிகாரிகளுடனேயே, காங்கிரஸுடன் அல்ல. 44 இருபதாகக் குறைந்த செய்தியை எழுதி முடித்த பின்னர் அந்த இளம் செய்தியாளர் மீண்டும் என்னிடம் வந்தார். "இதற்காவது காங்கிரஸ் வாக்களித்ததா சேர்?" என்று கேட்டார். கேள்வியில் கேலி இருந்தது. ஆனால், இருநூறு வருடங்களுக்கும் மேலாக உலகம் முன்மாதிரியாகப் பார்த்துவந்த ஒரு ஆட்சிமுறையைப் பற்றி இத்தகைய கேள்வி கேலியாகக் கேட்கப்படும் நிலை வந்துவிட்டதே என்பதுதான் எனது கவலை.